கடைசிவரை கேட்கும் ஒரு காது

...ஆகலைங்க சிஸ்டர். ஆகலைன்னா ஆகலைதான். அப்படிப் பாக்காதீங்க. வெள்ளிக்கிழமை வாங்கன்னு சொன்னது நான்தான், இல்லேன்னு சொல்லலை. இன்னிக்கு வெள்ளிக்கிழமைதான், அதையும் இல்லேன்னு சொல்லலை. ஆனா என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. எங்க வீட்டுக்காரரு பள்ளிக்கூடத்துலேருந்து வருவாரு பாருங்க, அவரைக் கேளுங்க. "என்னோட ரெண்டு கோட்டையும் முழுங்கினது நீங்கதானாமே"ன்னு நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேளுங்க.

உக்காருங்க. அய்யோ, அந்த ஸ்டூல்ல வேணாம், அதுல குண்டூசி டப்பா கவுந்து கிடக்கு. இங்க நாற்காலியில உக்காருங்க. அந்தக் கறுப்புத் துணியத் தள்ளிட்டு உக்காருங்க. வக்கீலம்மா அங்கிதான், கசங்கட்டும், கோர்ட்டுக்குப் போனா எப்படியும் கசங்கத்தானே போகுது.

தெரியும் சிஸ்டர், தெரியும். திங்கட்கிழமை காலையில புது ஆஸ்பத்திரியில நர்ஸு வேலைக்குச் சேரணும், கோட்டு இல்லாமப் போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க, எல்லாம் சொன்னீங்க. நான் என்ன வேணும்னேவா செய்றேன்? இருபத்தாறு வருஷமா இந்த முன்ரூம்ல உக்காந்து தைக்கிறேன். சொன்ன நாள்ல கொடுக்காம இருந்ததே இல்ல. ...சரி, ஒண்ணு ரெண்டு இருக்கும். தையக்காரின்னா அது கூட இல்லாம எப்படி? ஆனா அதெல்லாம் என்னால. இது என்னால இல்ல.

இந்த மெஷின் இருக்கே, இது ஓடினா துணி நகரும். ஓடலைன்னா போட்டது போட்ட இடத்துல கிடக்கும். ஓட விட்டாத்தானே?

என்ன நடக்குதுன்னு கேளுங்க. சாயந்தரம் நாலரைக்கு வருவாரு. முகம் கழுவுவாரு. டீ குடிப்பாரு. அது வரைக்கும் மனுஷன்தான். அப்புறம் எந்திரிச்சுப் போயி அதோ அந்த உள்ரூம் கதவுல ஒரு அட்டையத் தொங்க விடுவாரு. படிங்க, படிங்க, இங்கேருந்தே தெரியும். "பதிவு நடக்கிறது. அமைதி காக்கவும்." உங்க ஆஸ்பத்திரியிலயும் இப்படி எழுதித்தான் வச்சிருப்பாங்க. ஆனா அங்க யாரு அமைதியா இருக்காங்க? இங்க இருந்தாகணும்.

என்னமோ பாட்காஸ்ட்டாம். நான் முதல்ல பாட்டுன்னுதான் சிஸ்டர் நெனச்சேன். சரி, மனுஷன் இந்த வயசுல பாடணும்னு ஆசைப்படுறாரு, பாடித் தொலைக்கட்டும், நாமளும் கேட்டுத் தொலைப்போம்னு நெனச்சேன். எங்க பாட்டு? பாடம்! எட்டாங்கிளாஸ் அறிவியல் பாடம்! அதை உள்ள உக்காந்து தன்னந்தனியா பேசணுமாம், செல்போன் பிடிச்சு வச்சுக்குமாம், பிள்ளைங்க வீட்டுல, பஸ்ஸுல, நடக்கும்போது, பல்லு விளக்கும்போதெல்லாம் காதுல மாட்டிக்கிட்டுப் படிச்சிடுமாம். நான் கேக்குறேன்... பெஞ்சுல உக்கார வச்சு, முன்னால நின்னு, குச்சியால தட்டிக் காட்டினாலே மண்டையில ஏறாதது, பல்லு விளக்கும்போது ஏறிடுமா? நுரைதான் ஏறும்.

எல்லாம் அந்த ஹெட்மிஸ்ட்ரஸ்ஸம்மா பண்ணின வேலை. மூணு நாள் எங்கேயோ பயிற்சிக்குப் போனாங்க. போகும்போது நல்லாத்தான் போனாங்க. வரும்போது ஒரு பை, ஒரு தண்ணி பாட்டில், இந்த யோசனை, மூணையும் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. பையும் பாட்டிலும் அவங்களுக்கு, யோசனை மத்தவங்களுக்கு. ஒவ்வொரு வாத்தியாரும் பாடத்தைக் கால் மணி நேரமாப் பேசி அனுப்பணும். பிள்ளைங்க வீட்டுல கேட்டுட்டு வரும். கிளாஸுல சந்தேகம் மட்டும் கேக்கும். சந்தேகம் வர்றதுக்கே ஏதாவது கொஞ்சம் புரிஞ்சிருக்கணும், இல்லையா? நான் ஒம்பதாங்கிளாஸோட நின்னவ, எனக்கே அது தெரியுது.

கணக்கு வாத்தியாரு முன்னால ஒரு மியூசிக், பின்னால ஒரு மியூசிக் போட்டாரு. நடுவுல கணக்கு. கணக்கை எப்படிக் காதால கேக்குறது? "மேல ரெண்டு போடு, கீழ ஒரு கோடு போடு, இப்போ அதை அங்க கொண்டு போ"ங்குறாராம். எதை? எங்க? வரலாறு டீச்சரு ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி தாமதம்னு சொல்ற மாதிரி ஒரே குரல்ல ராஜாங்களை எல்லாம் அனுப்பி வச்சாங்களாம். ஒரு மாசம். எல்லாரும் கழண்டுக்கிட்டாங்க. தொண்டை வலி, போன் ரிப்பேரு, வீட்டுல சத்தம்... ஆளுக்கொரு சாக்கு. எங்க ஆளு மட்டும் விடலை.

இவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதில்ல? பள்ளிக்கூடத்துல இவருக்கு என்ன பேரு தெரியுமா? முதுகு வாத்தியார். இருபத்துமூணு வருஷமா பிள்ளைங்க இவரு முதுகைத்தான் பாத்திருக்கு. உள்ள வந்தா நேரா கரும்பலகை. எழுத ஆரம்பிப்பாரு, எழுதிக்கிட்டே பேசுவாரு, பேசுறது கரும்பலகைக்கு மட்டும்தான் கேக்கும். மணி அடிச்சா சாக்பீஸைக் கீழ வச்சிட்டு வெளிய வந்துடுவாரு. பின்னால அதுங்க கபடி ஆடினாக்கூட தெரியாது. கூச்சம் சிஸ்டர். நாப்பது மூஞ்சியும் நாப்பது பக்கம் பாத்துக்கிட்டிருந்தா, யாரைப் பாத்துப் பேசுறது? எங்கிட்டயே கல்யாணமாகி ஒரு வருஷம் ஜன்னலைப் பாத்துத்தான் பேசினாரு. நான் எட்டி எட்டிப் பாப்பேன், ஜன்னல்ல யாராச்சும் நிக்கிறாங்களோன்னு.

அப்படிப்பட்ட ஆளு இப்போ எப்படிப் பாடம் நடத்துறாரு தெரியுமா? போர்வையைப் போத்திக்கிட்டு! கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்து, தலையோட முக்காடு போட்டு, உள்ள செல்போன், ஒரு டார்ச் லைட்டு, புத்தகம். அப்போதான் எதிரொலி வராதாம். ஆவி பிடிக்கிறவங்களைப் பாத்திருப்பீங்களே, அச்சு அசலா அதே மாதிரி. கால் மணி நேரம் கழிச்சு வெளிய வரும்போது பாக்கணும், வேர்த்து ஊத்தி, முடியெல்லாம் ஒட்டிக்கிட்டு... பாடம் நடத்தினாரா, குளிச்சிட்டு வந்தாரான்னு இருக்கும்.

ஃபேன் போடக்கூடாது. குழாய் சொட்டுதுன்னு அதுக்கு ஒரு துணியைக் கட்டி வச்சிருக்காரு, நல்ல துணி, நான் லைனிங்குக்கு எடுத்து வச்சது. சுவர்க் கடிகாரத்துல பேட்டரியைக் கழட்டியாச்சு. டிக் டிக்னு விழுதாம். அன்னிலேருந்து இந்த வீட்டுல மணி மூணேகால். எப்போ பாத்தாலும் மூணேகால். மாடி வீட்டுப் பொண்ணு ஸ்கிப்பிங் ஆடுதுன்னு மேல போயி, வாத்தியாரு அந்தக் குழந்தைகிட்டக் கெஞ்சிட்டு வந்திருக்காரு. குப்பை லாரிக்காரன் அவன் நேரத்துக்கு வந்து ஹாரன் அடிப்பான், அவன்கிட்டக் கெஞ்ச முடியுமா? கல்லீரல் பாடத்தை நாலு தடவை பேசினாரு. நாலு தடவையும் லாரி. எனக்கே கல்லீரல் வலிச்சுது.

இதுல முக்கியமான எதிரி யாரு? இந்த மெஷின். "மோட்டார் சத்தம் விழுது, நிறுத்து." சரி, நிறுத்தினேன். சும்மா உக்காரவா முடியும், வெட்டலாம்னு கத்தரியை எடுத்தேன். "கத்தரிக்கோல் சத்தம் விழுது." காஜா எடுக்கலாம்னு ஊசியை எடுத்தேன். ஊசிக்கு ஏது சத்தம்? "நூலைப் பல்லால கடிக்காத, விழுது." மூச்சு விடலாமான்னு கேட்டேன் சிஸ்டர். "மெதுவா"ன்னாரு.

கால் மணி நேரம்தானேன்னு நெனைக்காதீங்க. கால் மணி நேரம் நல்லா வர்றதுக்கு ஒண்ணரை மணி நேரம் பேசுவாரு. அந்த ஒண்ணரை மணி நேரத்துல ஒரு கோட்டு முடிச்சிருப்பேன் நான். தினமும் ஒரு கோட்டு. கூட்டிப் பாருங்க.

...இல்லங்க, காட்டுறேன், காட்டாம என்ன. இதோ கை. நாலு கையும் ரெடி. இதோ காலர், எவ்வளவு நேரா நிக்குது பாருங்க, விறைப்பா, போலீஸ்காரன் மாதிரி. இதோ பாக்கெட்டு, பேனா வைக்க ஒரு பிரிவு, கத்தரி வைக்க ஒரு பிரிவு, நீங்க கேட்ட மாதிரியே. பின்பக்கம் இதோ. ...முன்பக்கமா? இருக்கு. எங்கேயோ இருக்கு. அவசரம் என்ன, சொல்ல வந்ததை முடிச்சிடுறேன்.

கேளுங்க. மத்தவங்க எல்லாம் விட்டுட்டாங்களே, இவரு ஏன் விடலை? அதைச் சொல்றேன். போன்ல ஒரு கணக்கு காட்டுமாம். எத்தனை பேரு பாடத்தை அமுக்கினாங்க, அதுல யாரு எது வரைக்கும் கேட்டாங்கன்னு. முதல் பாடத்தை நாப்பத்திரண்டு பேரு அமுக்கியிருக்காங்க. இவருக்குத் தலைகால் புரியலை. அப்புறம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வாத்தியாரு கிட்ட வந்து, "சார், கீழ பாருங்க"ன்னு காட்டியிருக்காரு. முதல் நிமிஷத்துலயே நாப்பது பேரு ஓட்டம். மூணாவது நிமிஷத்துல இன்னொண்ணு. கடைசி வரைக்கும் நின்னது ஒண்ணே ஒண்ணு.

ஒண்ணு! அதுக்கு மனுஷன் வெக்கப்படணுமா இல்லையா? வீட்டுக்கு வந்தாரு, செருப்பைக் கூடக் கழட்டலை, "ஒருத்தர் கடைசி வரைக்கும் கேட்டிருக்காங்க"ன்னாரு. "ஒருத்தர்தானா"ன்னேன். "ஒருத்தர்!"ன்னாரு. அதே வார்த்தைதான், நான் சொன்னா ஒரு மாதிரி இருக்கு, அவரு சொன்னா வேற மாதிரி இருக்கு. ரெண்டாவது பாடத்துக்கும் அதே. மூணாவதுக்கும். இருபது பேரு, பத்து பேரு, ஆறு பேருன்னு அமுக்குறதே கொறைஞ்சிக்கிட்டே வருது, கடைசி வரைக்கும் மட்டும் அந்த ஒண்ணு அசைய மாட்டேங்குது.

அதுலேருந்து பேச்சே மாறிப் போச்சு சிஸ்டர். முதல்ல எல்லாம் "மாணவ மாணவியரே, உராய்வு எனப்படுவது யாதெனில்"ன்னு ஆரம்பிப்பாரு. நாலு சுவருக்கும் தூக்கம் வரும். இப்போ எப்படி ஆரம்பிக்கிறாரு தெரியுமா? "கண்ணு, வந்துட்டியா? நோட்டை மூடி வை. இன்னிக்கு எழுத வேணாம், கேளு போதும்." கண்ணு! கல்யாணமான நாள்லேருந்து என்னை "இந்தா"ன்னுதான் கூப்பிடுறாரு. கோவம் வந்தா "இந்தாம்மா". பெத்த பையன், இப்போ வேலைக்குப் போயிட்டான், அவனைக்கூட ஒரு நாள் கண்ணுன்னு சொன்னதில்ல. யாரோ எவரோ, மூஞ்சி தெரியாத ஒரு காதுக்கு, கண்ணாம்! "அவசரமில்ல கண்ணு, புரியலைன்னா திரும்பவும் கேளு, எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல." நான் உப்பு எங்க இருக்குன்னு ரெண்டாவது தடவை கேட்டா எரிஞ்சு விழுவாரு.

...அதெப்படி எனக்குத் தெரியுமா? கதவுக்கு வெளியதானே சிஸ்டர் உக்காந்திருக்கேன். காதுல விழுதில்ல. ...ஆமா, போர்வைக்குள்ள மெதுவாத்தான் பேசுறாரு. ...ஆமா, கதவும் சாத்தித்தான் இருக்கும்.

சரி, கொண்டாங்க நாற்காலிக்குக் கீழ இருக்கற அந்தத் துணிப் பையை. முன்பக்கம்தானே வேணும்? இதோ. பாத்துக்கோங்க. நாலு துண்டு. ரெண்டு கோட்டுக்கு நாலு. இப்படி மேசையில வரிசையா வைக்கிறேன். ஏதாவது தெரியுதா? தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும். இது இடது. இதுவும் இடது. இது... இடது. இதுவும் இடதுதான் சிஸ்டர். நாலும் இடது. ஒரு வலதுகூட இல்ல.

கத்தாதீங்க. அய்யோ, நீங்க கத்தலை, சரி, நான்தான் கத்துறேன்.

எப்படி ஆச்சுன்னா, உங்க துணி அகலம் கம்மி. அதை மடிச்சுப் போட்டு வெட்ட முடியாது. மடிச்சு வெட்டினா வலதும் இடதும் தானா வந்துடும். ஒத்தையாப் போட்டா, ரெண்டாவது தடவை, அளவு வெட்டி வச்ச மாதிரிக் காகிதத்தைத் திருப்பிப் போடணும். மூணு மாசம் தையல் கத்துக்கிட்ட பொண்ணுகூட திருப்பிப் போடும். நான் போடலை. துணிக்கு ஒரு பக்கம் பளபளப்பு இருக்கு, மறுபக்கம் இல்ல, அதனால இப்போ கவுத்துப் போட்டும் சமாளிக்க முடியாது. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை. சத்தியமா முதல் தடவை.

ஏன் திருப்பிப் போடலை? ...ஏன்னா அப்போ காதுல கண்ணாடிப் பாடம் ஓடிக்கிட்டிருந்துது.

ஆமா. என் காதுலதான்.

இப்படி வாய மூடாம சிரிச்சா எனக்குக் கோவம் வரும் சிஸ்டர். நான் ஒண்ணும் ஆசைப்பட்டுக் கேக்கலை. சண்டையில ஆரம்பிச்சுது. முதல் பாடம் பேசின அன்னிக்கு, "உன் மெஷின் சத்தம் பாடம் முழுக்க விழுந்திருக்கு, பாழாப் போச்சு"ன்னாரு. நான் அன்னிக்கு மெஷினையே தொடலை. விழலைன்னேன். விழுந்துதுன்னாரு. சரி, பாத்துடுவோம்னு, ஒரு பிள்ளையோட அம்மா துணி கொடுக்க வந்தாங்க, அவங்களைப் பிடிச்சு, பாடம் வர்ற லிங்க்கை என் போனுக்கு அனுப்ப வச்சேன். சத்தம் இல்லேன்னு நிரூபிக்கணும்னா கடைசி வரைக்கும் கேட்டாத்தானே ஆகும்? நடுவுல நிறுத்தினா, "கடைசியில இருக்கு, நீ கேக்கலை"ம்பாரு. கேட்டேன். சத்தமே இல்ல. குப்பை லாரி மட்டும் ஒரு தடவை.

அதோட விட்டிருக்கணும். மறுநாள் ரெண்டாவது பாடத்துல விழுந்திருக்கான்னு பாக்கணுமில்ல? அதுவும் நியாயம்தான். மூணாவது... மூணாவதுக்கு ஒரு காரணமும் கிடையாது. அவரு காலையில பள்ளிக்கூடம் போயி ஏத்தி விடுவாரு. பத்து மணிக்கு வரும். பத்து மணிக்கு இந்த ஒயரைக் காதுல மாட்டிப்பேன்.

உராய்வுப் பாடத்துல ஒரு விஷயம் சொன்னாரு. தடிமனான துணியில ஓடினா ஊசி ஏன் சுடுதுன்னு. இருபத்தாறு வருஷமா விரல்ல சூடு வாங்கியிருக்கேன், ஏன்னு ஒரு நாளும் தோணலை. துணி நனைஞ்சா ஏன் கருத்துத் தெரியுதுன்னு இன்னொரு நாள். நூலுக்கு நடுவுல இருக்கற இடத்தையெல்லாம் தண்ணி அடைச்சுக்குதாம், வெளிச்சம் திரும்பி வராம உள்ளயே போயிடுதாம். நான் அன்னிக்கு எந்திரிச்சுப் போயி ஒரு வெட்டுத் துண்டை நனைச்சு ஜன்னல்ல பிடிச்சுப் பாத்தேன். வக்கீலம்மா வந்து வாசல்ல நிக்கிறாங்க, நான் ஈரத்துணியைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். என்ன நெனச்சாங்களோ.

மெஷின் ஓடினா ஒயர்ல சரியா விழாது. அதனால... நிறுத்திடுவேன். சாயந்தரம் நிறுத்துறது அவருக்காக. காலையில நிறுத்துறது எனக்காக. புரியாத இடத்தைத் திரும்பக் கேக்கும்போதும் நிறுத்திடுவேன். அவருதான் சொன்னாரே, திரும்பவும் கேளு கண்ணுன்னு.

அந்தக் கண்ணாடிப் பாடம் இருக்கே, அதை மூணு தடவை கேட்டேன். கண்ணாடி முன்னால வலது கையைத் தூக்கினா உள்ள இருக்கற ஆளு இடது கையைத் தூக்குது. சரி. அப்போ தலை மட்டும் ஏன் கீழ போகலை? இடமும் வலமும் மாறுது, மேலயும் கீழயும் ஏன் மாறலை? எப்படிக் கேட்டிருக்காரு பாத்தீங்களா? இதோ இந்த நிலைக்கண்ணாடி முன்னால தினம் பத்து பேரை நிக்க வச்சு அளவு பாக்குறேன், எனக்கு ஒரு நாள் தோணியிருக்கா? கண்ணாடி இடவலத்தை மாத்தவே இல்லையாம் சிஸ்டர். முன்பக்கத்தைப் பின்பக்கமாத்தான் மாத்துதாம். நாமதான் நம்மளை உள்ள கொண்டு போயி திருப்பி நிறுத்திப் பாத்துக்குறோமாம். நான் ஒரு கையில கத்தரி, ஒரு கையில மாதிரிக் காகிதம், கண்ணாடியைப் பாத்துக் கையைத் தூக்கித் தூக்கி... அப்படியே திரும்பி வந்து, நாலையும் வெட்டிட்டேன்.

பயப்படாதீங்க. அதே நீலத் துணியை நாலு கடையில தேடிட்டேன். பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரரு நாளைக்கு மதியம் வருதுன்னு சொல்லியிருக்காரு. என் செலவு. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ரெண்டு கோட்டையும் இஸ்திரி போட்டு உங்க வீட்டு வாசல்ல நானே கொண்டு வந்து கொடுக்குறேன். கொடுக்கலைன்னா இந்த மெஷினைத் தூக்கிக்கிட்டுப் போங்க.

இப்போ உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். அந்த ஒண்ணு மட்டும் கேக்காம இருந்திருந்தா, அவரும் மத்தவங்க மாதிரி ஒரு மாசத்துல போர்வையை மடிச்சு வச்சிருப்பாரு. மெஷின் ஓடியிருக்கும். கடிகாரம் ஓடியிருக்கும். உங்க கோட்டு போன வாரமே முடிஞ்சிருக்கும். அந்த ஒண்ணு யாரு? இதோ உக்காந்து உங்ககிட்ட வாயடிச்சுக்கிட்டு இருக்கே, இதான் அந்தக் கண்ணு.

சொல்ல முடியுமா அவருகிட்ட? எப்படிச் சொல்றது? எட்டு மாசமா வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். தினமும் டீயைக் கொடுத்துட்டு, "இன்னிக்கு எத்தனை காது?"ன்னு கேப்பேன். "ஒண்ணு"ன்னு சொல்லிட்டு அந்த மனுஷன் சிரிப்பாரு பாருங்க, குழந்தை மாதிரி. யாராயிருக்கும்னு அவரே கதை கட்டிப்பாரு. கடைசி பெஞ்சு பையனா இருக்கும், உடம்பு சரியில்லாம வீட்டுல இருக்கற பொண்ணா இருக்கும்னு. அந்தக் கதையில எல்லாம் நான் இல்ல. நாப்பத்தாறு வயசுல, வாய் நெறைய குண்டூசியை வச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருப்பான்னு அவருக்கு எப்படித் தோணும்? சொன்னா மூஞ்சி விழுந்துடுமேன்னு பயம். "நீதானா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா? அதைத் தாங்குவேனா நான்? எம்மேலயே எனக்குப் பொறாமை சிஸ்டர், சிரிக்காதீங்க.

இந்த வாரம் வினை முத்திப் போச்சு. புதன்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ்ஸம்மா கூப்பிட்டு, "எட்டு மாசமாச் செய்றீங்களே, யாரு சார் அந்த ஒரு பிள்ளை? கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்லியிருக்காங்க. இவரு கிளாஸ் கிளாஸாப் போயி, கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்னு... பாருங்க, இருபத்துமூணு வருஷத்துல முதல் தடவை... "யாரும்மா நீ? யாரு கண்ணா நீ?"ன்னு கேட்டிருக்காரு. ஒரு பயல் எந்திரிச்சு "நான்தான் சார்"ன்னிருக்கான். இவருக்குக் கண்ணே கலங்கிப் போச்சாம். "கண்ணாடி எதைப்பா மாத்துது?"ன்னு கேட்டிருக்காரு. "ஃப்ரேமை சார்"ன்னானாம். கிளாஸே சிரிச்சிருக்கு. அன்னிக்கு வந்து டீயே குடிக்கலை. அட்டையும் மாட்டலை. நேத்தும் மாட்டலை. வீடு இருக்கற அமைதியைப் பாத்தா அந்தக் குழாய்த் துணியை அவுத்து விடலாம்னு தோணிச்சு, அதுவாவது சொட்டட்டும்னு.

எந்தப் போனுன்னு இன்னிக்குக் கம்ப்யூட்டர் வாத்தியாரு பாத்துச் சொல்றேன்னாராம். அதான் காலையிலேருந்து எனக்குக் கையே ஓடலை.

இதுல இன்னொரு கொடுமை. செவ்வாய்க்கிழமைப் பாடம் காது. சத்தம் உள்ள போகுது, செவிப்பறையில மோதுது, அது ஆட, உள்ள மூணு குட்டி எலும்பு ஆடுது. சுத்தி மாதிரி ஒண்ணு, பட்டடை மாதிரி ஒண்ணு, குதிரைச் சேணத்துல கால் வைப்பாங்களே, அந்த அங்கவடி மாதிரி ஒண்ணு. உடம்புலயே சின்ன எலும்பு அதுதானாம். "அது போயி ஒரு ஜன்னல்ல தட்டுது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? நாளைக்குச் சொல்றேன் கண்ணு"ன்னு நிறுத்திட்டாரு. மூணு நாளாச்சு. அந்தப் பக்கம் என்னன்னு தெரியாம... இல்ல, நீங்க சொல்லாதீங்க! நர்ஸு, உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். வாயைத் திறந்தீங்க, கோட்டே கிடையாது. அவரு சொல்லட்டும்.

...கேட் சத்தம். அவருதான். சிஸ்டர், உங்க கையைப் பிடிச்சுக் கேக்குறேன், ஒண்ணும் சொல்லிடாதீங்க. அந்தத் துண்டுங்களை உள்ள தள்ளுங்க.

வாங்க. என்ன, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்? ...இவங்க கோட்டுக்கு வந்திருக்காங்க. ...ஆமா, ஆகலை. ஏன் ஆகலைன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன், உங்க பெருமையைத்தான். ...என்ன, கண்டுபிடிச்சாச்சா உங்க கண்ணை? ...பாக்கலையா? கம்ப்யூட்டர் வாத்தியாரு பாக்குறேன்னாரே? ...பாக்க வேணாம்னு யாரு சொன்னது? ...நிறுத்தியாச்சா? எதை?

ஓ. ...எல்லாருக்குமா? ...திங்கட்கிழமையிலேருந்து பழையபடி கரும்பலகை. சரி. ...ஒருத்தர் கேக்குறதெல்லாம் ஒரு கணக்கான்னாங்களா? நான் இதைத்தானே எட்டு மாசமாச் சொன்னேன்? நான் சொன்னா ஏறலை, ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னா ஏறுது. நல்லதாப் போச்சு. கழட்டுங்க அந்த அட்டையை. போர்வையைத் துவைக்கப் போடுங்க. கடிகாரத்துக்குப் பேட்டரி போடுங்க. இனிமே என் மெஷின் நிம்மதியா ஓடும், ஊர்த் துணியெல்லாம் சொன்ன நாள்ல போகும். ஒண்ணரை மணி நேரம் மூச்சு விடாம உக்காந்த கஷ்டம் இன்னியோட...

அதெப்படிங்க நிறுத்துவாங்க?

அதெப்படி நிறுத்த முடியும்? அங்கவடி போயி ஜன்னல்ல தட்டிக்கிட்டு நிக்குது! மூணு நாளா தட்டிக்கிட்டு நிக்குது! அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு சொல்லாம பாதியில விட்டுட்டுப் போறதுக்கு நீங்க யாரு, அவங்க யாரு? நாளைக்குச் சொல்றேன்னு சொன்னா சொல்லணும்! கேக்குறவங்களை என்னன்னு நெனச்சீங்க, ஒருத்தர்னா ஆளே இல்லையா...

...

...என்ன அப்படிப் பாக்குறீங்க?

எந்த அங்கவடியா? சுத்தி, பட்டடை, அங்கவடி. நீங்கதானே... செவ்வாய்க்கிழமை... அட.

சிஸ்டர், நீங்களாவது ஒரு வார்த்தை... சிஸ்டர்? பாருங்க, சொல்லாம கொள்ளாம போயிட்டாங்க. தன் பையைக்கூட எடுக்கலை.

...ஆமா. நான்தான். எல்லாமே நான்தான். உராய்வுலேருந்து. சத்தம் விழுதா இல்லையான்னு பாக்கக் கேட்டேன், விழலை, நீங்க சொன்னது பொய்யி. ...எதுக்கு இப்போ கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறீங்க? நான் ஒண்ணும் சொல்லலையே. பையைக் கீழ வைங்க. ...உள்ரூம் வேணாம், போர்வையும் வேணாம், வேர்த்து ஊத்திக்கிட்டு. இப்படி ஸ்டூல்ல... இருங்க, குண்டூசி கிடக்கு, எடுத்துடுறேன். உக்காருங்க. ஜன்னலைப் பாக்காதீங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க. அங்கவடி தட்டுது. தட்டினா? அந்தப் பக்கம் என்ன இருக்கு?

...ம்.

புத்தகத்துல இருக்கற மாதிரி சொன்னீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுவேன், ஆமா.